மழைக்காட்டில் கேமரா வைத்துப் பூனை இன விலங்குகளை எண்ண முடியுமா?

கேள்வி இது: சுமார் 250 சதுர கி.மீ. வெப்பமண்டல மழைக்காடு. கையில் 40 தானியங்கிக் கேமராக்கள். மூன்று மாத அவகாசம். அந்தக் காட்டில் சிறுத்தை எத்தனை, சின்னப் பூனைகள் எத்தனை என்று சொல்ல முடியுமா? கேமராக்களை எப்படி வைப்பது? எத்தனை படம் கிடைத்தால் போதும்?

சிறுத்தைக்கு முடியும், ஓரளவு துல்லியத்தோடு. சின்னப் பூனைகளுக்கு அதே ஏற்பாட்டில் பெரும்பாலும் முடியாது. ஏன் என்று சொல்வதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். இந்த வேலைக்கு வருகிற பலரும் படங்களைச் சேர்ப்பதுதான் கணக்கெடுப்பு என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. படத்தில் வராத விலங்குகள் எத்தனை இருக்கும் என்று கணக்கிடுவதற்குத்தான் இந்தப் பாடெல்லாம். படத்தில் வந்தவற்றை யார் வேண்டுமானாலும் எண்ணிவிடலாம்.

நூறு கேமரா இரவுகளுக்கு (ஒரு கேமரா ஓர் இரவு இயங்கினால் அது ஒரு கேமரா இரவு) இத்தனை படம் என்று ஒரு விகிதம் போட்டு, அதையே விலங்கின் அடர்த்தியாகக் காட்டும் அறிக்கைகள் இன்றைக்கும் வருகின்றன. அந்த விகிதத்தை நம்ப எனக்கு மனம் வராது. ஒரே ஆண் சிறுத்தை தன் எல்லையைச் சுற்றிவர ஒரே பாதையைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் நாற்பது படம் வரும். பாதையை அவ்வளவாக நாடாத பெண் சிறுத்தைகள் மூன்று இருந்தும் நாலே படம் வரலாம். கேமராவை வண்டிப்பாதையில் கட்டினால் ஒரு விகிதம், புதருக்குள் கட்டினால் வேறொரு விகிதம். போன வருடம் ஒரு மாடல், இந்த வருடம் இன்னொரு மாடல் என்றால் சென்சாரின் வேகமே மாறிவிடும். இவ்வளவும் மாறும்போது விகிதம் கூடியதும் குறைந்ததும் விலங்கால்தான் என்று எப்படிச் சொல்வது?

இதற்கு வழி, ஒவ்வொரு விலங்கையும் தனித்தனியாக அடையாளம் காண்பது. புலியின் வரிகளும் சிறுத்தை, ஜாகுவாரின் பூத்திட்டுகளும் (பூப்போல வட்டமாகச் சேர்ந்த புள்ளிகள்) ஒன்றுக்கொன்று மாறுபடும். 1920களில் வட இந்தியக் காடுகளில் கம்பியைத் தட்டினால் இயங்கும் கேமரா வைத்துப் புலிகளைப் படமெடுத்த வனத்துறை அதிகாரி எஃப். டபிள்யூ. சாம்பியன் இதை அன்றைக்கே கவனித்திருந்தார். 1990களில் கர்நாடகத்தின் நாகரஹொளேக் காட்டில் காட்டுயிர் அறிவியலாளர் உல்லாஸ் காரந்த் இந்த வரிகளைப் புள்ளியியலோடு இணைத்தார். குறியிட்டு விட்டு மீண்டும் பிடித்து எண்ணும் பழைய முறையில், குறி இடுவதற்குப் பதில் இயற்கையே போட்ட குறியைப் பயன்படுத்தினார்.

சுருக்கமான கணக்கு இது. முதல் பாதியில் 10 சிறுத்தைகள் படத்தில் வந்தன. இரண்டாம் பாதியில் 8 வந்தன. அவற்றில் 5 ஏற்கெனவே வந்தவை. அதாவது காட்டில் உள்ளவற்றில் எட்டில் ஐந்து பங்கைத்தான் முதல் பாதியில் பிடித்திருக்கிறோம். ஆகவே மொத்தம் 10 × 8 ÷ 5 = 16. கண்ணால் பார்த்தது 13. பார்க்காதது சுமார் 3. பார்த்தவை திரும்ப வராவிட்டால் இந்தக் கணக்கே இல்லை. அதனால் புதிதாக ஒரு விலங்கு படத்தில் வருவது எவ்வளவு முக்கியமோ, பழைய விலங்கு மறுபடி வருவதும் அவ்வளவு முக்கியம்.

சரி, 16 என்று வந்துவிட்டது. எத்தனை சதுர கி.மீ.க்கு 16? கேமராக்கள் இருக்கும் வட்டத்துக்கு வெளியே வசிக்கும் விலங்கும் உள்ளே வந்து போகும் அல்லவா? விலங்குகள் இரு கேமராக்களுக்கிடையே நகர்ந்த அதிகபட்சத் தூரங்களின் சராசரியில் பாதியை எடுத்து, கேமராக்கள் பரவியிருக்கும் வலையைச் சுற்றி அந்த அகலத்துக்கு ஒரு பட்டை சேர்த்து முன்பு சமாளித்தார்கள். வலை சின்னதாக இருந்தால் நகர்ந்த தூரமும் குறைவாகத் தெரியும், பரப்பு சுருங்கும், அடர்த்தி வீங்கும். பழைய ஆய்வுகளில் அடர்த்தி நம்ப முடியாத அளவுக்கு உயர்ந்து இருந்தால் முதலில் வலையின் அளவைத்தான் பார்க்க வேண்டும். இப்போது எல்லோரும் இடம்சார் முறைக்கு வந்துவிட்டார்கள். ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு நடமாட்ட மையம் உண்டு, அந்த மையத்திலிருந்து கேமரா தள்ளிப் போகப் போகப் படத்தில் விழும் வாய்ப்பு குறையும் என்று எடுத்துக்கொண்டு, அது எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதையும் படங்களிலிருந்தே கணிப்பது இந்த முறை. சூழலியலாளர் முர்ரே எஃபோர்ட் 2004இல் இதை முன்வைத்தார். பிறகு பலர் வளர்த்தார்கள்.

கேமராக்களின் இடைவெளியைத் தீர்மானிப்பதும் இதுவே. ஒரே விலங்கு ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் படத்தில் வந்தால்தான் அந்தக் குறையும் வேகத்தைக் கணிக்க முடியும். எனவே ஒரு பெண் சிறுத்தையின் நடமாட்டப் பரப்புக்குள் குறைந்தது இரண்டு இடங்களிலாவது கேமரா இருக்க வேண்டும். ஆணை வைத்துத் திட்டமிடக் கூடாது. ஆண் எப்படியும் வந்துவிடும். ஆனால் வலை முழுவதும் சேர்ந்து ஒரு விலங்கின் பரப்பைப் போலப் பல மடங்கு இருக்க வேண்டும். நெருக்கமும் வேண்டும், விரிவும் வேண்டும், கேமராவோ நாற்பதுதான்.

உங்கள் காட்டுக்குப் போட்டுப் பார்ப்போம். நான்கு கேமராக்களை உதிரியாக ஒதுக்கிவிடுங்கள், கட்டாயம் தேவைப்படும். மீதி 36ஐ ஜோடியாக வைத்தால் 18 இடங்கள். 2.5 கி.மீ. இடைவெளியில் ஓர் இடத்துக்குச் சுமார் 6 சதுர கி.மீ.; ஆக ஒரு தொகுதிக்கு 110 சதுர கி.மீ. சொச்சம். 45 நாள் கழித்துக் கழற்றி, பக்கத்துத் தொகுதியில் இன்னொரு 45 நாள். மொத்தம் 225 சதுர கி.மீ., 36 இடங்கள், ஜோடியை ஒன்றாக எண்ணினால் 1,620 கேமரா இரவுகள், மூன்று மாதம். அவகாசம் இதற்குமேல் நீளவும் கூடாது. இடையில் பிறப்பு, இறப்பு, குடிபெயர்ச்சி இல்லை என்ற அனுமானத்தில்தான் கணக்கு நிற்கிறது. ஆறு மாதம் இழுத்தால் அந்த அனுமானம் உடைந்துவிடும்.

இதே ஏற்பாட்டில் சிறுத்தைப்பூனையை (வீட்டுப் பூனை அளவே உள்ள புள்ளிப் பூனை) எண்ண முடியாததற்குக் காரணமும் இப்போது புரிந்திருக்கும். அதன் நடமாட்டப் பரப்பு பல இடங்களில் சில சதுர கி.மீ.தான். 2.5 கி.மீ. இடைவெளியில் ஒவ்வொரு பூனையும் ஒரே ஒரு கேமராவில்தான் வரும். பல பூனைகள் இரண்டு கேமராக்களுக்கு நடுவே எதிலும் படாமலே வாழ்ந்துவிடும். படங்கள் நிறைய வரும், கணக்கு வராது. சின்னப் பூனைகள்தான் முக்கியம் என்றால் ஒரு பகுதியைத் தேர்ந்து அரை கி.மீ., முக்கால் கி.மீ. இடைவெளியில் நெருக்கமாக ஒரு தனி வலை போட வேண்டும். அதற்கு ஆளும் பணமும் இல்லையென்றால் எண்ணிக்கையை விட்டுவிட்டு, எந்தெந்த இடங்களில் இருக்கிறது என்ற கேள்வியோடு நிறுத்திக்கொள்வது நேர்மையானது.

அப்புறம், எல்லாப் பூனையும் பாதையில் நடப்பதில்லை. போர்னியோ தீவில் ஐந்து காட்டுப்பூனை இனங்கள் உண்டு: சுந்தா படைச்சிறுத்தை, பளிங்குப் பூனை, சிறுத்தைப்பூனை, தட்டைத்தலைப் பூனை, அந்தத் தீவில் மட்டுமே வாழும் போர்னியோ செம்பூனை. படைச்சிறுத்தை மரமேறி என்று பெயர் பெற்றிருந்தாலும் மலைமுகடுகளிலும் மரம் வெட்டப் போட்ட பழைய பாதைகளிலும் நன்றாகவே படத்தில் வருகிறது. தட்டைத்தலைப் பூனை நீரோரத்து விலங்கு. முகட்டுப் பாதை முழுக்கக் கேமரா கட்டிவிட்டு அது இல்லை என்று எழுதினால் தவறு பூனையுடையதல்ல. தென் அமெரிக்காவின் மார்கே பூனைக்குக் கேமராவை மரக்கிளைகளில் ஏற்றுபவர்களும் உண்டு.

சிறுத்தைக்கு எங்கே கட்டுவது என்றால், யானைத் தடம், கைவிடப்பட்ட வண்டிப்பாதை, ஓடை மணல், இரண்டு பாதை சேரும் இடம், முகட்டின் தாழ்ந்த கணவாய். கட்டத்துக்குள் சரியான மையத்தில்தான் கட்டுவேன் என்று அடம்பிடிக்க வேண்டாம். பாதையில் வைப்பதால் கணக்கு கெடாது. படத்தில் வரும் வாய்ப்பைத்தான் புள்ளியியல் மாதிரி தனியாகக் கணிக்கிறதே. எச்சம், நகக்கீறல், கால்தடம் பார்த்து இடம் பிடிக்கத் தெரிந்த வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர் கூட வந்தால் வரைபடத்தைவிட அவர் கண் நம்பத்தகுந்தது. அவரை உதவியாள் என்று மட்டும் எழுதிவிட்டுப் போகும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. இடத்தேர்வுதான் இந்த ஆய்வின் பாதி.

கட்டும் விதம். பாதையின் இரு பக்கமும் ஒவ்வொரு கேமரா, பாதையின் நடுவிலிருந்து மூன்று நான்கு மீட்டர் தள்ளி. உயரம் 40, 45 செ.மீ.; சின்னப் பூனைக்கு 25, 30. இரண்டும் நேருக்கு நேர் இருந்தால் ஒன்றின் பிளாஷ் மற்றொன்றின் கண்ணில் அடிக்கும். ஒன்றைக் கொஞ்சம் தள்ளிக் கட்டுங்கள். ஜோடி எதற்கு என்றால், பூனையின் இடப்பக்கப் புள்ளிகளுக்கும் வலப்பக்கப் புள்ளிகளுக்கும் சம்பந்தமே கிடையாது. இடப்பக்கம் மட்டும் தெரிந்த ஒரு சிறுத்தையும் வலப்பக்கம் மட்டும் தெரிந்த ஒரு சிறுத்தையும் ஒன்றா இரண்டா என்று சொல்லவே முடியாது. இரு பக்கமும் ஒரே கணத்தில் ஒரு தடவையாவது கிடைத்துவிட்டால், அதற்குப் பிறகு எந்தப் பக்கம் வந்தாலும் ஆளைச் சொல்லிவிடலாம். ஒற்றைக் கேமராப் படங்களுக்கென்றே புள்ளியியல் மாதிரிகள் வந்துவிட்டன. இருந்தாலும் வசதி இருந்தால் ஜோடிதான் நல்லது.

மழைக்காட்டில் தனித் தொல்லை ஒன்று உண்டு. இந்தக் கேமராக்களின் சென்சார் அசைவை மட்டும் பார்ப்பதில்லை. விலங்கின் மேற்பரப்புக்கும் பின்னணிக்கும் உள்ள வெப்ப வித்தியாசம் நகர்வதைப் பார்க்கிறது. வெயிலேறிய மதியத்தில் பின்னணியும் விலங்கின் உடலளவுக்குச் சூடாகிவிட்டால் சிறுத்தை கண்முன் நடந்துபோனாலும் கேமரா அசையாது. நேர்மாறாக, மரங்களுக்கிடையே விழும் வெயிலில் ஒரு பெரணி இலை ஆடினால் போதும், ஒரே பகலில் ஆயிரக்கணக்கான வெற்றுப் படங்கள் எடுத்து மெமரி கார்டு நிரம்பிவிடும். ஆகவே கேமராவுக்கு முன்னால் இரண்டு மூன்று மீட்டருக்குச் செடிகளைக் கிள்ளிவிட வேண்டும். பாதையைப் பெருக்கி மைதானம் ஆக்கிவிடவும் கூடாது; பூனை ஒதுங்கிப் போகும். கட்டி முடித்ததும் சோதனை நிலைக்கு மாற்றி, கையும் காலும் ஊன்றி, சிறுத்தையின் உயரத்தில் பாதையில் தவழ்ந்து பாருங்கள். சிவப்பு விளக்கு எங்கே மினுக்குகிறது, எங்கே மினுக்கவில்லை என்று தெரியும். நின்றபடி நடந்து சோதித்தால் மனிதனுக்குச் சரியான கேமராதான் கிடைக்கும்.

ஈரம் அடுத்தது. ரப்பர் வளையத்தில் ஒரு மண்துகள் ஒட்டியிருந்தாலும் உள்ளே ஆவி கோக்கும். விடிகாலைப் படங்கள் எல்லாம் பால்வெள்ளையாக இருக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒவ்வொரு கேமராவிலும் போட்டு, போகும்போதெல்லாம் மாற்றுங்கள். பேட்டரிப் பெட்டிக்குள் எறும்பு கூடு கட்டும், முட்டை வெள்ளை வெள்ளையாக மின்முனைகளை மூடியிருக்கும். லென்ஸுக்கு முன் சிலந்தி ஒரு நூல் ஓட்டினால் இரவில் அகச்சிவப்பு வெளிச்சம் அதில் பட்டுச் சட்டம் முழுவதும் வெளிறிவிடும். யானை பிடுங்கி எறியும். ஒதுக்கிய நான்கு உதிரியும் அதற்குத்தான். பத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை பார்த்துவிட வேண்டும். கேமரா எந்தத் தேதியிலிருந்து வேலை செய்யவில்லை என்று எழுதிவைக்காவிட்டால் கணக்கில் பொய் நுழையும்: செத்துப்போன கேமரா, விலங்கு வராத கேமராவாக மாறிவிடும். கடிகாரமும் அப்படித்தான். ஜோடிக் கேமராக்கள் இரண்டும் நொடிக்கு நொடி ஒத்துப்போக வேண்டும், இல்லையென்றால் இடது வலதைப் பொருத்துவது பெரும்பாடு.

பிளாஷ் விஷயத்தில் நான் வெள்ளை பிளாஷ் பக்கம். அகச்சிவப்பில் நடக்கும் பூனை கலங்கித் தெரியும். புலியின் வரி தப்பித்தாலும் பளிங்குப் பூனையின் மேகத்திட்டுகள் தப்பிக்காது. எதிர்வாதமும் உண்டு. நேபாளத்தின் பர்தியாவில் புலிகள் கேமராக்களைத் தவிர்க்கத் தொடங்கியதைப் பதிவு செய்திருக்கிறார்கள். மனிதர்கள் நடமாடும் பாதையில் பளிச்சென்று வெட்டினால் கேமரா திருடு போகும் வாய்ப்பும் கூடும்.

அகச்சிவப்பே வேண்டும் என்ற இடமும் இருக்கிறது. மலேசியத் தீபகற்பத்தில் சிறுத்தைகள் கிட்டத்தட்ட எல்லாமே கறுப்பு. கறுப்புத் தோலில் புள்ளி தெரியாததால் அவற்றை எண்ணவே முடியாது என்று வெகுகாலம் விட்டிருந்தார்கள். தெரெங்கானுவில் வேலை செய்த குழு ஒன்று கேமராவின் ஒளி உணரியை ஏமாற்றி, பகலிலும் அது இரவு என்றே எண்ணி அகச்சிவப்பு பிளாஷ் அடிக்கும்படி செய்தது. அந்த வெளிச்சத்தில் கறுப்புக்கு அடியிலிருந்த பூத்திட்டுகள் தெளிவாக எழுந்து வந்தன. 2015இல் வெளியான அந்த ஆய்வின்படி அங்கே 100 சதுர கி.மீ.க்குச் சுமார் 3 சிறுத்தைகள். எவ்வளவு எளிய மாற்றம், எவ்வளவு பெரிய வாசல் திறந்தது என்று இன்றும் வியக்கிறேன்.

படங்கள் வந்த பிறகு பொறுமைதான் வேலை. இந்தியாவின் 2018 புலிக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமரா வைத்தார்கள். 3 கோடியே 48 லட்சத்துக்கும் மேல் படங்கள். அதில் புலி 76,651, சிறுத்தை 51,777. ஆயிரம் படத்துக்கு இரண்டு புலிப் படம். அவற்றிலிருந்து பிரித்தெடுத்த தனிப் புலிகள் 2,461. நாட்டின் மதிப்பீடு 2,967. நடுவில் உள்ள வித்தியாசம், கேமரா எட்டாத காடுகளில் இருப்பவையும் எட்டியும் படத்தில் விழாதவையும்தான். வெற்றுப் படங்களைக் கழிக்க மெகாடிடெக்டர் போன்ற மென்பொருள்கள் இன்று பெரிய உதவி. வரி, புள்ளிகளைப் பொருத்தவும் ஹாட்ஸ்பாட்டர் போன்றவை இருக்கின்றன. ஆனால் கடைசித் தீர்ப்பை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்துச் சொல்ல வேண்டும், ஒருவர் முடிவை மற்றவர் பார்க்காமல். ஒரே சிறுத்தையை இரண்டாகப் பிரித்துவிட்டால் எண்ணிக்கை இருவழியிலும் வீங்கும்: புதிய ஆள் ஒன்று கூடுகிறது, மறுபிடி, அதாவது பழைய ஆள் மறுபடி வந்தது, ஒன்று குறைகிறது. ஒரு வயதுக்குட்பட்ட குட்டிகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அமெரிக்கக் கண்டங்களின் பியூமா போல உடம்பில் அடையாளமில்லாத பூனையில் ஆளைத் தவறாகப் பிரிக்கும் அபாயம் அதிகம். ஒரே படங்களைப் பார்த்த ஆய்வாளர்களே வேறு வேறு எண்ணிக்கை சொல்லியிருக்கிறார்கள்.

எத்தனை படம் போதும்? படத்தை விட்டுவிட்டு இரண்டு எண்களைப் பாருங்கள்: எத்தனை தனி விலங்குகள், எத்தனை மறுபிடிகள். இரண்டில் எது சிறியதோ அதன் வர்க்கமூலத்தால் 1ஐ வகுத்தால் உங்கள் மதிப்பீட்டின் பிழை விகிதம் தோராயமாகக் கிடைக்கும். உங்கள் காட்டிலும் 100 சதுர கி.மீ.க்கு 3 சிறுத்தை என்று வைத்துக்கொண்டால், ஓரத்தில் வந்துபோவதையும் சேர்த்து 9 சிறுத்தைகள் படத்தில் வரலாம். மறுபிடிகள் தாராளமாகவே இருந்தாலும் பிழை மூன்றில் ஒரு பங்கு. அதாவது மதிப்பீடு 3 என்று வந்தால், உண்மை ஒன்றரையிலிருந்து ஐந்தரை வரை எங்கேயும் இருக்கலாம். இங்கே சிறுத்தை இருக்கிறது, அடர்த்தி குறைவு என்று சொல்ல இது போதும். அடுத்த வருடம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததா என்று கண்டுபிடிக்கப் போதவே போதாது. பிழையை ஐந்தில் ஒரு பங்குக்குக் கொண்டுவர 25 தனிச் சிறுத்தைகள் வேண்டும்; அதற்குக் காடே பெரிதாக வேண்டும், அல்லது பக்கத்துக் காட்டில் வேலை செய்பவர்களோடு தரவைச் சேர்க்க வேண்டும். இதைக் கேமரா வாங்குவதற்கு முன்பே கணினியில் ஒத்திகை பார்த்துவிடலாம். ஆர் (R) என்ற நிரல்மொழியில் உள்ள இலவசத் தொகுப்புகளே போதும்.

ஒரு பூனை படத்திலேயே வரவில்லை என்றால்? இல்லை என்று எழுத அவசரப்பட வேண்டாம். ஓர் இடத்தில் அது இருந்தும் 45 நாளில் படத்தில் வரும் வாய்ப்பு பத்தில் ஒன்றுதான் என்று வையுங்கள். 20 இடங்களிலும் அது உண்மையிலேயே நடமாடினாலும், ஒன்றிலும் வராமல் போக 12 சதவீத வாய்ப்பு இருக்கிறது. கம்போடியாவில் புலி கடைசியாகக் கேமராவில் வந்தது 2007இல். அந்நாட்டில் புலி அற்றுப்போய்விட்டது என்ற முடிவுக்கு வரப் பின்னும் பல ஆண்டுத் தேடல் தேவைப்பட்டது.

வாசனை வைத்து இழுக்கலாமா என்றும் சிலர் கேட்பார்கள். நியூயார்க்கின் பிராங்க்ஸ் விலங்குக் காட்சி சாலையில் சோதித்தபோது பூனைகளை வெகுநேரம் நிறுத்தியது கால்வின் க்ளீன் நிறுவனத்தின் அப்செஷன் என்ற வாசனைத் திரவியம். குவாத்தமாலாவில் ஜாகுவார் ஆய்வாளர்களும் அதைப் பயன்படுத்தினார்கள். நின்று முகர்வதால் தெளிவான படம் கிடைக்கும் என்பது உண்மை. வைத்தால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வையுங்கள், அறிக்கையில் சொல்லுங்கள்.

மெமரி கார்டில் மனிதர்களும் இருப்பார்கள்: தேன் எடுக்கப் போகிறவர், விறகு சுமக்கும் பெண், சில நேரம் கண்ணி வைப்பவர். கேமரா வைக்கும் முன்பே பக்கத்து ஊர்களில் சொல்லிவிடுங்கள்; மனிதர் முகம் உள்ள படங்களை என்ன செய்வீர்கள் என்று முதலிலேயே முடிவெடுத்து எழுதிவையுங்கள், ஆளாளுக்கு அனுப்பாதீர்கள். பூனைப் படங்களை வெளியே பகிரும்போது கீழே பொறித்திருக்கும் இடப்பெயர், கோப்புக்குள் இருக்கும் ஜிபிஎஸ் எண் இரண்டையும் நீக்கிவிடுங்கள். சிறுத்தை தவறாமல் நடக்கும் பாதையைத் தேடிக் கண்டுபிடிக்க உங்களுக்கு மூன்று மாதம் ஆனது. வேட்டைக்காரனுக்கு அந்த ஒரு படம் போதும்.